சர்டீஸுக்கு அது ஓசியில் வந்த பட்டமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரிட்டனின் கார்ப் பந்தய உலகச் சாம்பியன்களைப் பற்றித் தங்கள் இதழில் வரும் தொடரை முதல் பகுதியிலிருந்தே விடாமல் படித்து வருகிறேன். ஜிம் கிளார்க் 1968-ல் ஹாக்கன்ஹைமில் இறந்ததை எழுதியிருந்த பகுதியைப் படித்துக் கண் கலங்கினேன். ஆனால் சென்ற இதழில் ஜான் சர்டீஸுக்கு ஐந்தே வரிதான் கிடைத்தது. அந்த ஐந்தில் ஒரு வரி, 1964-ன் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் அவருடைய அணிக்காரர் விட்டுக்கொடுத்ததால் வந்தது என்கிறது. பட்டறையில் அப்ரெண்டிஸாகத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் எஞ்ஜின்களோடு வாழ்ந்தவன் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

கட்டுரையாளர் சொல்லும் சம்பவம் நடந்தது உண்மை. 1964 அக்டோபர் 25, மெக்சிகோ சிட்டி, அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். கிரஹாம் ஹில் 39 புள்ளி, சர்டீஸ் 34, கிளார்க் 30. மூவரில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்ற நிலை. சர்டீஸின் ஃபெராரி அணிக்காரர் லொரென்சோ பாண்டினியின் கார் வளைவில் ஹில்லின் காரை இடித்தது. ஹில்லின் புகைக்குழாய் நசுங்கிப்போய், அவர் பின்தங்கினார். முன்னணியில் போய்க்கொண்டிருந்த கிளார்க்கின் எஞ்ஜின் எண்ணெய் ஒழுகி, பந்தயம் முடியும் தறுவாயில் நின்றுவிட்டது. டான் கர்னி முதலாவதாக வந்தார். பாண்டினி வேகத்தைக் குறைத்து சர்டீஸை இரண்டாம் இடத்துக்கு விட்டார். 40-க்கு 39 என்று பட்டம் சர்டீஸுக்கு. பாண்டினி ஒதுங்காமல் இருந்திருந்தால் சர்டீஸுக்கு 38 புள்ளிதான், பட்டம் ஹில்லுக்குப் போயிருக்கும். இதை நான் மறைக்கவில்லை. சிறந்த ஆறு முடிவுகளை மட்டும் எண்ணும் அன்றைய விதியால் ஹில் 2 புள்ளிகளை இழந்ததும் உண்மை.

ஆனால் அந்த 34 புள்ளிகள் எப்படி வந்தன என்று கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டாமா? அந்த ஆண்டு பத்துப் பந்தயம். நான்கில் சர்டீஸின் கார் பாதியிலேயே நின்றுவிட்டது. ஆஸ்திரியாவில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது சஸ்பென்ஷன் முறிந்தது. முடித்த ஆறு பந்தயங்களிலும் அவர் முதல் மூன்று இடங்களுக்குக் கீழே போகவே இல்லை. ஹாலந்தில் இரண்டாமிடம், பிரிட்டனில் மூன்றாமிடம், ஜெர்மனியிலும் இத்தாலியிலும் வெற்றி, அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் இரண்டாமிடம். ஃபெராரி ஜூன் மாதம் வரை லே மான் 24 மணிநேரப் பந்தயத்திலேயே கவனமாக இருந்தது. அங்கேயும் இதே சர்டீஸும் பாண்டினியும் சேர்ந்து ஓட்டி மூன்றாமிடம் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஃபார்முலா ஒன் கார் சரியானது. கார் சரியானதும் அவர் என்ன செய்தார் என்பதற்கு, அந்த ஜெர்மனி, இத்தாலி வெற்றிகள் நடந்த நூர்பர்க்ரிங்கும் மான்சாவுமே சாட்சி.

இதைவிட வருத்தம் தந்தது, அவர் மோட்டார் சைக்கிளில் ஏழு உலகப் பட்டம் வென்றவர் என்பதை ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டு முடித்திருப்பது. தந்தை ஜாக் மோட்டார் சைக்கிள் வியாபாரி, சைடுகார் பந்தயக்காரர். சிறுவன் ஜானை ஒருமுறை சைடுகாரில் உட்காரவைத்து ஓட்டி வென்றார். பையனுக்கு வயது போதாது என்று அந்த வெற்றியைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பதினாறு வயதில் அவர் வின்சென்ட் தொழிற்சாலையில் அப்ரெண்டிஸ். பிறகு நார்ட்டன், அதன்பின் இத்தாலியின் எம்.வி. அகுஸ்டா. 500 சிசி பிரிவில் 1956, 1958, 1959, 1960 ஆகிய ஆண்டுகளிலும், 350 சிசி பிரிவில் 1958 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகளும் அவரே சாம்பியன். அந்த மூன்று ஆண்டுகளில் 39 பந்தயங்களில் 32 வெற்றி. 1960-ல் இரண்டு பைக் பட்டங்களையும் வென்றுகொண்டே, ஜூலையில் சில்வர்ஸ்டோனில் லோட்டஸ் காரில் இரண்டாமிடம் வந்தார். உலகச் சாம்பியன்ஷிப் கார்ப் பந்தயத்தில் அது அவருக்கு இரண்டாவது ஓட்டம்தான். இரண்டு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் உலகப் பட்டம் வென்றவர் அவருக்கு முன்னும் இல்லை, இன்றுவரை பின்னும் இல்லை.

1965 செப்டம்பரில் கனடாவின் மாஸ்போர்ட்டில் அவருடைய லோலா கார் உடைந்து கவிழ்ந்தது. இடுப்பும் முதுகும் நொறுங்கி, உடம்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் குட்டையாகிவிட்டது. அந்த மனிதர் அடுத்த ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பாவில், முதல் சுற்றிலேயே பாதிக் கார்களை வெளியேற்றிய மழையில் ஜெயித்தார். சில நாளில் லே மானில் ஃபெராரி நிர்வாகியோடு மோதல் வந்து அணியைவிட்டே வெளியேறினார். வளைந்து கொடுக்கத் தெரியாதவர்தான். அந்தப் பிடிவாதத்தால் இன்னொரு பட்டம் கைநழுவியிருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் கூப்பர் காரில் அந்த ஆண்டை இரண்டாமிடத்தில் முடித்தார். அடுத்த ஆண்டு மான்சாவில் ஹோண்டா காரில், முன்னாள் உலகச் சாம்பியன் ஜாக் பிரபாமை 0.2 விநாடியில் முந்தினார்.

அவருடைய பின்னாளைப் பற்றித் தொடரில் ஒரு சொல்லும் இல்லை. 2009 ஜூலை 19, பிராண்ட்ஸ் ஹாட்ச், ஃபார்முலா டூ பந்தயம். வேறொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் அவருடைய மகன் ஹென்றியின் தலையில் மோதி உயிரைப் பறித்தது. ஹென்றிக்குப் பதினெட்டு வயது. நம் சென்னையின் அர்மான் இப்ராகிமும் அந்த ஆண்டு அதே தொடரில் ஓட்டியவர். எத்தனையோ நண்பர்களைப் பந்தயத்தில் பறிகொடுத்த தலைமுறையில் உயிரோடு தப்பிய மனிதருக்கு, எழுபத்தைந்து வயதில் இது. அவர் முடங்கவில்லை. மகன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, மூளைக்காயம் பட்டவர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களில் ரத்தம் எடுத்துச் செல்வதற்கும் உதவினார். ஓட்டுநர் தலைக்கு மேல் வளையும் ஹாலோ என்ற காப்பு 2018-ல் ஃபார்முலா ஒன்னில் கட்டாயமானது. அதற்கான ஆய்வுகளில் ஹென்றியின் விபத்தும் ஒன்று. தந்தை அதைப் பார்க்கவில்லை. 2017 மார்ச் 10-ல் இறந்துவிட்டார். பந்தயக்காரர்கள் ஸ்டர்லிங் மாஸுக்கும் ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்கும் கிடைத்த சர் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஆகவே, தொடர் முடிவதற்குள் சர்டீஸுக்குத் தனியாக ஒரு பகுதி ஒதுக்க வேண்டுகிறேன். கூடவே ஒரு திருத்தம். சிவப்பு ஃபெராரியில் பட்டம் வென்றார் என்று எழுதியிருந்தீர்கள். இத்தாலிய மோட்டார் சங்கத்தோடு ஏற்பட்ட தகராறில் என்ஸோ ஃபெராரி அந்த ஆண்டின் கடைசி இரண்டு பந்தயங்களுக்கு அமெரிக்க அணி ஒன்றின் பெயரில் கார்களை அனுப்பினார். மெக்சிகோவில் சர்டீஸ் ஓட்டியது நீலமும் வெள்ளையும் பூசிய கார். படம் போடும்போது அதையே போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.