பானைக் குளிர்பெட்டி: முதலில் காற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கினாலே, மின்சாரம் இல்லாமல் காய்கறியைக் காக்கும் ‘பானைக்குள் பானை’ செய்முறை எங்கும் பரவிவிடுகிறது. இரண்டு மண்பானைகளுக்கு இடையே உள்ள ஈர மணலின் தண்ணீர் ஆவியாகி உள்பானையைக் குளிரவைக்கும் முறை அது. பானை எவ்வளவு பெரிது, மணல் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். காற்றின் ஈரப்பதம் பற்றி மட்டும் ஒரு வரி இருக்காது. ஆசையாகச் செய்து பார்த்தவர்கள் நான்காம் நாளே அழுகிய கத்தரிக்காயைக் கொட்டிவிட்டு, இதெல்லாம் பேச்சுக்குத்தான் என்று கைவிடுவதற்கு அந்த விடுபட்ட வரிதான் பெரும்பாலும் காரணம்.

இதைப் பரவலாக்கியவர் நைஜீரியாவின் வடபகுதியைச் சேர்ந்த முகமது பா அப்பா என்ற ஆசிரியர். 1990களில் தொடங்கிய இந்தப் பணிக்காக 2000இல் ரோலக்ஸ் விருது பெற்றார். மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் அவருடைய பானையில் 27 நாள் தாங்கியது. ஆனால் அது வறண்ட நிலம். அதே பலனைக் கடலோரத்தில் எதிர்பார்க்க முடியாது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 57 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி குளிரவைக்க அது போதும். ஆனால் அது ஆவியாகக் காற்றில் இடம் வேண்டுமே! 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால், பானையின் வெப்பம் அதிகபட்சம் 23 டிகிரி வரை இறங்கி வரலாம். 33 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 29க்குக் கீழே போகவே போகாது. நடைமுறையில் அதுவும் எட்டாது.

பானை வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடலாம். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை நிழலில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி, இரண்டுக்கும் பத்து நிமிடம் விசிற வேண்டும். பிற்பகலில் இரண்டுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் தாராளமாகச் செய்யலாம். ஐந்துகூட வரவில்லை என்றால் பணத்தை வீணாக்க வேண்டாம்.

செய்முறை எளிது. பெயிண்டோ பளபளப்புப் பூச்சோ இல்லாத வாயகன்ற சுடுமண் பானைகள் இரண்டு வேண்டும். ஒன்றை மற்றதற்குள் வைத்தால் சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பூந்தொட்டியாக இருந்தால் அடித்துளையை அடைத்துவிட வேண்டும். அடியில் மூன்று செ.மீ. மணல் பரப்பி, உள்பானையை வைத்து, இடைவெளியை மணலால் நிரப்புங்கள். விளிம்புக்கு இரண்டு செ.மீ. கீழேயே மணல் நிற்கட்டும். விளிம்பு வரை நிரப்பினால் தண்ணீர் ஊற்றும்போது உள்ளே வழிந்து பூஞ்சை பிடிக்கும். காலையும் மாலையும் மணல் நனைய ஊற்றி, வாயை ஈரச் சாக்கால் மூட வேண்டும்.

மணலைக் கழுவிய தண்ணீர் தெளியும் வரை அலசுவது முக்கியம். களிமண் தூசி கலந்திருந்தால் பானையின் நுண்துளைகள் அடைபடும். கடல்மணலின் உப்பும் அதே வேலையைத்தான் செய்யும். உப்புத் தண்ணீரை ஊற்றிவந்தால் சில வாரங்களில் வெளிப்புறம் வெள்ளை பூக்கும். அதைக் கவனியுங்கள்: பூத்த இடத்தில் கை வைத்தால் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கும், ஏனெனில் அங்கே நீர் கசிவது நின்றுவிட்டது. சோப்பு போடாமல் தேங்காய் நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இருப்பிடமும் முக்கியம். தரையில் நேரடியாக வைக்காமல் மூன்று செங்கல் மேல் வைத்தால்தான் அடிப்பகுதியும் ஆவியை விடும். நிழலும் காற்றோட்டமும் சேர்ந்து வேண்டும். சன்னல் சாத்திய அறையில் பானை தானே காற்றை ஈரமாக்கிக்கொண்டு, பிறகு குளிர்வதை நிறுத்திவிடும்.

பால், இறைச்சி, மீன், சமைத்த உணவு எதையும் இதில் வைக்கவே கூடாது. 2 முதல் 8 டிகிரியில் காக்க வேண்டிய தடுப்பூசிகளுக்கும் இது ஆகாது. வெங்காயமும் பூண்டும் ஈரத்தில் முளைவிட்டு அழுகும். கத்தரி, தக்காளி, வெண்டை, வெள்ளரி ஆகியவற்றுக்கோ இது குளிர்சாதனப் பெட்டியைவிட நல்ல இடம் என்றே சொல்வேன். 10 டிகிரிக்குக் கீழே அவை குளிரால் காயப்பட்டு, குழிவிழுந்து, சுவை கெடும். பழுத்த வாழைப்பழத்தை மட்டும் கீரையோடு சேர்க்காதீர்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் என்ற வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும்.

தங்கள் நாளிதழின் வானிலைப் பகுதியில் வெப்பநிலையோடு பிற்பகல் ஈரப்பதத்தையும் தினமும் வெளியிட வேண்டுகிறேன். காலை அளவு போதாது. விடியற்காலையில் பெரும்பாலும் எங்குமே ஈரப்பதம் உயர்ந்துதான் இருக்கும். 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மாதங்கள் எவை என்று தெரிந்தால், பானையை எப்போது நனைப்பது, எப்போது காயவைத்துப் பரணில் ஏற்றுவது என்பதை வாசகர்களே முடிவுசெய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்