முன் தட்டுக்கு வந்த பொன்னியின் செல்வன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் மட்டக்களப்புப் புத்தகக் கடையில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். திரைப்படக் காட்சிகளை அட்டையில் போட்டு வந்த, கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் நாவலின் ஐந்து பாகங்களையும் வாசலுக்கு நேரே உள்ள தட்டில் அடுக்கினோம். இரவல் கொடுத்துவந்த அதே கதையின் பழைய கட்டுகளை உள்ளே எடுத்துப் பூட்டினோம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்திருக்கக் கூடாது. "படம் பார்த்தவனுக்கு வாசலில் பந்தல், எங்களுக்கு அலுமாரிப் பூட்டா?" என்று அப்பா காலத்திலிருந்து வருகிறவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். சிலர் கேட்காமலே வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

பூட்டிய கதையை முதலில் சொல்கிறேன். 1950 ஒக்டோபரிலிருந்து 1954 மே வரை கல்கி வார இதழில் தொடராக வந்தபோது, பக்கங்களைக் கழற்றிச் சேர்த்து, சணல் நூலால் தைத்து, காக்கி அட்டை போட்ட கட்டுகள் அவை. அத்தியாயம் முடிகிற தாளின் மறுபக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும். 1978 நவம்பர் சூறாவளியில் கடைக் கூரை பறந்தபோது நான்கு கட்டுகள் மழையில் ஊறிப்போயின. இரண்டாம் பாகத்தின் பெயர் சுழற்காற்று. அதுதான் மிக மோசமாக நனைந்தது. மூன்றாவது கட்டு மட்டும் தப்பியது. இரவல் கொண்டுபோனவர் இரண்டு மாதமாகத் திருப்பித் தராததே காரணம். அன்றோடு அப்பா தாமதக் கட்டணம் வாங்குவதை விட்டுவிட்டார்.

ஒட்டிக்கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிழலில் உலர்த்தினார். வாசிக்க முடியாத இடங்களை வேறொருவரின் பிரதியைப் பார்த்துக் கொப்பித் தாளில் எழுதி ஒட்டினார். அநுராதபுரம் வருகிற இடத்தில் ஆறு பக்கம் அவருடைய கையெழுத்து. நீல மை சாம்பல் நிறமாகிவிட்டது. மடிப்பில் விரல் பட்டால் தாள் பொடியாக உதிர்கிறது. பூட்டியது இதற்காகத்தான், சினிமாவுக்காக அல்ல. பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கடைக்குள் எடுத்துத் தருகிறோம். பனங்கட்டி தின்ற கையோடு மட்டும் வர வேண்டாம்.

இனி முன் தட்டு. 2022 செப்டெம்பர் 30 அன்று முதல் படம் வெளிவந்தது. அடுத்த வாரமே வெள்ளைச் சீருடையில் ஒரு மாணவி வந்து, "அண்ணன், அந்தப் படத்தின் கதைப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டாள். "படத்துக்கு எழுதிய கதை இல்லை, தங்கச்சி. படம் எடுத்தவர் பிறக்கும் முன்பே எழுதத் தொடங்கிய கதை" என்றேன். சொன்னது உண்மைதான்; சொன்ன விதம் நன்றாக இருக்கவில்லை. அவள் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துத் தகப்பனோடு வந்தாள். அவர் உள்ளே வந்து புத்தகத்தைக் கேட்டார். அவள் சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். அந்தத் தட்டை வாசலுக்கு நேரே வைத்தது அதற்குப் பிறகு எனக்கு வந்த புத்தி. யாரிடமும் எதையும் கேட்காமல் எடுத்துப் புரட்டட்டும் என்றுதான்.

பழைய வாசகர்களின் மனத்தாங்கலை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, "கதையில் வரும் நந்தினிக்கு முப்பது வருடம் மனதில் வைத்திருந்த முகம் போய்விட்டது, தம்பி. கண்ணை மூடினால் அந்த நடிகைதான் வருகிறார்" என்றார். "அந்த முகமும் தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்து தந்ததுதானே, சேர்?" என்று கேட்டேன். கோப்பையை வைத்துவிட்டு, "மணியம் அவளைப் பேச வைக்கவில்லையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

ஆனால் "நமது கதையை ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அது என்றைக்கும் ஊர்க் கதைதான். வாராவாரம் காசு கொடுத்து வாங்கிய சனத்துக்காக எழுதப்பட்டது. நமக்கு அது இரகசியம் போல் ஆனது, இங்கே கிடைக்காததால். போரில் பாதைகள் மூடிக்கிடந்த ஆண்டுகளில் ஒரே கட்டு புளியந்தீவிலிருந்து ஆரையம்பதி வரை கைமாறியது. கல்லடிப் பாலத்தில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கதையின் நாயகன் வந்தியத்தேவனும் அக்கரைக்குப் போனான். மூன்றாம் பாகத்தை முடித்தவர் நான்காவதுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார். வழியில் கண்டவரிடம் "எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?" என்று கேட்டால், கேட்டவரும் நம்மில் ஒருவர் என்று தெரிந்துவிடும். இப்போது ஒரு பையன் ஐந்தையும் ஒரே பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகிறான். எரிச்சல் எனக்கும் வருகிறது. அவன் வாசிப்பதால் அல்ல, அவன் அலையவில்லையே என்பதால்.

முதல் படம் கடலில் புயலோடு முடிந்ததால், 2023 ஏப்ரலில் இரண்டாவது வரும்வரை பொறுக்காமல், "மூன்றாம் பாகத்திலிருந்து தாருங்கள்" என்று கேட்டவர்கள் பலர். முதலில் மறுத்தேன். பிறகு கொடுத்தேன். முதல் இரண்டையும் தேடித் திரும்பி வந்தவர்கள் சிலர் உண்டு, வராதவர்கள் அதிகம். பரவாயில்லை. ஆனாலும் இலங்கைப் பகுதி முழுவதும் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிப் போவது நம் ஊர்க்காரர் செய்கிற காரியமா?

விலை பற்றியும் கேட்கிறீர்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. இந்தியாவிலிருந்து வரும் எந்தப் புத்தகமும் அதன் பிறகு பழைய விலைக்குத் திரும்பவில்லை. படத்தின் பெயரைச் சொல்லி நாங்கள் ஏற்றியது ஒரு சதமும் இல்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டதால் பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. மலிவானவற்றில் சில சுருக்கப் பதிப்புகள். எங்கே வாங்கினாலும் அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள்: 57, 53, 46, 46, 91, மொத்தம் 293. எங்களிடம் பட அட்டைக்கும் பழைய அட்டைக்கும் உள்ளே இருப்பது ஒரே எழுத்து. பட அட்டை பிடிக்காதவர்களுக்குக் காக்கித் தாளில் உறை போட்டுத் தருகிறோம், காசில்லாமல்.

இரவலுக்கு இனி அச்சுப் புத்தகத் தொகுதி ஒன்று இருக்கிறது. அதில் நான்காம் பாகம், மணிமகுடம், தை மாதத்திலிருந்து வெளியே நிற்கிறது. கொண்டுபோனவர் யாரென்று தெரியும். அப்பாவின் வழக்கப்படி தாமதக் கட்டணம் இல்லை, ஆள் அனுப்பிக் கேட்கவும் மாட்டோம். ஆனால் மூன்றாவதை முடித்துவிட்டு ஒருவர் ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இப்படிக்கு,
கடைக்காரர்
மட்டக்களப்பு