பனிப்பாறை வேண்டாம், பனியாறு என்று எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழின் சிறுவர் பக்கத்தில் வந்த ‘பனிப்பாறைக்குள் வாழும் புழு’ கட்டுரையை என் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். தொடக்கநிலை 4-இல் படிக்கிறாள். பாதி வாசிக்கும்போதே, “தாத்தா, பாறைக்குள்ள புழு எப்படிப் போகும்? ஓட்டை போடுமா?” என்று கேட்டாள். கட்டுரையை முடிவுவரை வாசித்தும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. பிள்ளையைக் குழப்பியது புழு அல்ல, ‘பாறை’ என்ற சொல் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஜூரோங்கில் ஒரு குளிர்கிடங்கில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஐஸைப் பற்றி என்னிடம் கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எனக்கு அதிகம் பழக்கமானது ஃபிரீசர் அறை ஐஸ். உள்ளே மைனஸ் 20 டிகிரி. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்து, கூரையிலும் கதவோரத் தரையிலும் வெள்ளையாக உறைந்துவிடும். ஷிப்ட் முடிவதற்குள் அதைச் சுரண்டி எடுக்கவேண்டும். இரும்புத் தகடு கொண்டு சுரண்டினாலும் எளிதில் வராது, உண்மையிலேயே பாறைதான். அதற்குள் ஒரு புழு நெளிவதை என்னாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் நூலகத்திலும் வீட்டிலும் சில நாள் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்தப் புழுவின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

1880-களில் அலாஸ்காவின் மியூர் பனியாற்றை, அதாவது மலையிலிருந்து மெதுவாக நகர்ந்து இறங்கும் ஐஸ் ஆற்றை, ஆராயப்போன ஜார்ஜ் ஃபிரெடரிக் ரைட் என்ற நிலவியல் அறிஞர்தான் இதைக் கண்டு சொன்னவர். 1898-இல் கார்லோ எமெரி என்ற இத்தாலிய அறிஞர் அதை முறையாக விவரித்துப் பெயர் வைத்தார். அறிவியல் பெயரில் வரும் ‘சோலிஃபுகஸ்’ என்ற சொல்லுக்கு வெயிலைக் கண்டு ஓடுவது என்று பொருள். தமிழில் வெயிலஞ்சி எனலாமே! ஓரிரு சென்டிமீட்டர் நீளம், கறுப்பு நூல் துண்டு மாதிரி இருக்கும். மண்புழுவுக்கு உறவு. சண்டை மீன் வளர்ப்பவர்கள் பிளாஸ்டிக் டப்பாவில் தீனிக்காக வளர்க்கும் கிரிண்டல் புழுவும் இதே குடும்பம்தான். எங்கள் புளோக்கிலேயே இதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்றதும் பேத்திக்கு ஒரே சந்தோஷம்.

உங்கள் கட்டுரை இதைக் ‘கடுங்குளிரில் வாழும் புழு’ என்கிறது. அங்கேதான் திருத்தம் வேண்டும். இந்தப் புழுவுக்கு வேண்டியது கடுங்குளிர் அல்ல, சரியாக 0 டிகிரி. நான் வேலை பார்த்த ஃபிரீசர் அறையில் விட்டால் செத்துப்போகும். ஏறக்குறைய மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். சரி, வெப்பமான பக்கம் போகலாமா என்றால் அங்கும் வழியில்லை. 5 டிகிரியைத் தாண்டினாலே தாங்காது. இன்னும் சூடேறினால் உடல் குழைந்து, உள்ளிருக்கும் நொதிகளே அதைக் கரைத்துவிடும். நம் உள்ளங்கைச் சூடே அதற்கு எமன். மேலே சில டிகிரி, கீழே சில டிகிரி, அந்த ஒரு சின்ன இடுக்குக்குள் தலைமுறை தலைமுறையாக ஒரு உயிர் வாழ்கிறது.

அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்கிறது? பேத்திக்கு நான் காட்டியது ஈரச்சந்தை மீன் கடையை. மீன் பெட்டியில் போட்டிருக்கும் ஐஸ் தூளைப் பார்த்திருப்பீர்கள். துண்டுக்குத் துண்டு இடைவெளி, இடைவெளி எல்லாம் தண்ணீர். ஐஸும் தண்ணீரும் ஒன்றாகக் கிடக்கிற வரை அங்கே 0 டிகிரிதான். அலாஸ்கா முதல் ஓரிகன் வரை பசிபிக் கரையோர மலைகளில் இருக்கும் பனியாறுகளும் இப்படித்தான். உள்ளே முழுக்க உருகும் நிலையிலேயே இருக்கும், ஐஸ் மணிகளுக்கு நடுவே தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் மேலே விழும் புதுப்பனி கனமான போர்வை மாதிரி மூடிக்கொள்வதால், வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் அடியில் 0 டிகிரியிலிருந்து அதிகம் இறங்குவதில்லை. அந்த ஈர இடுக்குகள்தான் புழுவின் வீடு. கடற்கரையிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் மலைகளில் எலும்பு வரை உறைந்துகிடக்கும் பனியாறுகள் அதற்கு ஆகாது. “அப்போ ஓட்டை போட வேணாம், ஏற்கெனவே வழி இருக்கு” என்றாள் பேத்தி. அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது.

கோடையில் வெயில் சாயும் நேரத்தில் அவை மேலே வரும். பனியின் மேல் சிவப்பாகப் படரும் பாசி, பாக்டீரியா, காற்றில் வந்து விழுந்த மகரந்தம் ஆகியவற்றை மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் இறங்கிவிடும். வாஷிங்டன் மாநிலத்தின் சுயாட்டில் பனியாறு ஒன்றில் மட்டும் 700 கோடி புழுக்கள் இருக்கலாம் என்று ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஷெய்னும் குழுவினரும் கணக்கிட்டார்கள். அந்தக் குழு சொன்ன இன்னொரு செய்தியை நான் மூன்று முறை படித்தேன். பொதுவாகக் குளிர் ஏறினால் உயிரணுக்களில் ஆற்றல் குறையும். ஃபிரீசரில் ஒரு மணி நேரம் நின்றவனுக்கு அது தெரியும், கையும் மூளையும் மெதுவாகிவிடும். இந்தப் புழுவுக்கோ குளிரக் குளிர உயிரணுக்களில் ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி கூடுகிறதாம்.

கட்டுரையின் கடைசிப் பத்தி 46,000 ஆண்டு பழைய சைபீரியப் புழுவையும் இதோடு சேர்த்துவிட்டது. தயவுசெய்து பிரித்துச் சொல்லுங்கள். அது வேறு இனம், உருளைப்புழு. நிரந்தரமாக உறைந்த மண்ணுக்குள் உயிர் இயக்கம் முழுவதையும் நிறுத்திக் கிடந்து, ஆய்வகத்தில் உருகவைத்தபோது மீண்டும் நெளிந்தது. 2023-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அது தூங்கிக் கிடந்த புழு. பனியாற்றுப் புழு அங்கே விழித்திருந்து, மேய்ந்து, முட்டையிட்டு வாழ்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டின் அருமையும் தெரியாமல் போய்விடும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். நம் பத்திரிகைகளில் டைட்டானிக் கப்பல் 1912-இல் மோதியதும் பனிப்பாறை, கங்கோத்ரியில் இருப்பதும் பனிப்பாறை. முதலாவது கடலில் மிதக்கும் ஒரு கட்டி. இரண்டாவது மலையிலிருந்து மெதுவாக நகர்ந்து இறங்கும் ஐஸ் ஆறு. அதன் வாயான கோமுகத்திலிருந்துதான் பாகீரதி புறப்படுகிறாள். ஓடுவதைப் பாறை என்று எழுதினால் பிள்ளைகள் அதை அசையாத, செத்த பொருளாகத்தானே நினைப்பார்கள்? ‘பனியாறு’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே தமிழில் இருக்கிறது. ஆறு என்று சொல்லிவிட்டால் அதில் பாசி இருக்கும், பூச்சி இருக்கும், புழு இருக்கும் என்று பிள்ளையின் மனம் தானாகப் போகும். இமயத்திலேயே, நேபாளத்தின் யாலா பனியாற்றில், சிறகு குறுகிய ஒரு கொசு போன்ற பூச்சியை ஜப்பானிய அறிஞர் ஷிரோ கோஷிமா 1984-இல் விவரித்தார். மைனஸ் 16 டிகிரியிலும் பனிமேல் நடக்குமாம். அதன் புழுப்பருவம் பனியாற்றுக்குள் ஓடும் உருகுநீர்க் கால்வாய்களில் கழிகிறது. பாறை என்ற சொல்லுக்குள் இந்தக் கால்வாய்களுக்கு இடமே இல்லை.

‘பனிப்புழு’ என்ற பெயரும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கே பெயர் வைத்தவர்கள் நாம். ஊரில் மார்கழிக் காலையில் புல்லில் இருப்பதும் பனிதான். ‘பனியாற்றுப் புழு’ என்றால் எங்கே வாழ்கிறது என்பதும் பெயரிலேயே வந்துவிடும்.

மீன் கடையிலிருந்து திரும்பும்போது பேத்தி அடுத்த கேள்வியைக் கேட்டாள். “அந்த ஆறு உருகிப்போச்சுன்னா புழு எங்க போகும்?” எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தானாக மலை தாண்டிப் போக அதனால் முடியாது, வழியில் வெயிலிலேயே கரைந்துவிடும். வான்கூவர் தீவில் இருக்கும் சில புழுக்கள் தொலைதூர அலாஸ்காப் புழுக்களுக்கு நெருங்கிய உறவு என்று 2019-இல் ஒரு ஆய்வு காட்டியது. பனிமேல் புழு தின்னும் பறவைகள்தான் அவற்றைச் சுமந்து போயிருக்கவேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பறவை கொண்டுபோய் விட்டாலும் அங்கேயும் ஒரு பனியாறு இருக்கவேண்டும். இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கேள்விக்கு உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரை போடுங்கள். படத்தோடு போடுங்கள். தலைப்பில் பனியாறு என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்