மெரினாவில் சூரியன் கடலில் மறையாது

சென்னையில் புகைப்படப் போட்டி நடத்தும் கல்லூரிகள், சங்கங்கள், நிறுவனங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

திருவல்லிக்கேணியில் பிரிண்ட் போடும் கடை என்னுடையது. ரோல் கழுவிய நாளில் ஆரம்பித்து, இன்று வாட்ஸ்அப்பில் வந்து விழும் படம் வரைக்கும் பார்த்துவிட்டேன். போன வருடம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

ஓர் அமைப்பு ஆன்லைனில் போட்டி வைத்தது. அதிக லைக் வாங்கும் படத்துக்கு முதல் பரிசு. பரிசு பெற்ற படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு பிரேம் செய்து தரச் சொல்லி என் கடைக்கு அனுப்பினார்கள். ‘மெரினாவில் ஒரு மாலை’ என்று தலைப்பு. கடல் முழுக்கப் பொன் நிறம், அதில் பாதி இறங்கிய சூரியன், முன்னால் ஒரு படகு. மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழும். சாயங்காலம் நம் முதுகுப் பக்கம், காமராஜர் சாலைக் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். விடியற்காலைப் படத்துக்குத் தலைப்பை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று மானிட்டரில் பெரிதாக்கினேன். படகின் பக்கவாட்டில் பெயர் எழுதியிருந்தது. தள்ளி நின்று பார்த்தால் தமிழ். கிட்டே போனால் அதில் ஓர் எழுத்துகூடத் தமிழ் இல்லை. மொத்தமும் கம்ப்யூட்டர் உருவாக்கிய படம். அத்தனை பேர் லைக் போட்டும் அந்தப் படகின் பெயரை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை.

அதே போட்டிக்குப் போன இன்னொரு படமும் எனக்குத் தெரியும். எடுத்த பையன் பிரிண்டுக்காக என்னிடம் வந்தான். காசிமேட்டில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார். போனில் பார்த்தால் இருட்டான படம், பாதிக்கு மேல் நிழல். ‘வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பு’ என்று எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவனிடமும் சொன்னேன். முழு ஃபைல் வந்தது. 12-க்கு 18 அங்குலத் தாளில் படம் வெளியே வந்தபோது கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை. பெரியவர் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார். நைலான் நூல் அழுத்திய இடத்தில் தோல் வெளுத்திருக்கிறது. அப்புறம், நிழலுக்குள் இன்னொரு கால். சின்னக் கால். பேரனோ பேத்தியோ, அதே மாதிரி தன் கட்டைவிரலிலும் ஒரு நூலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன் திரையில் அந்தக் கால் தெரியவே இல்லை.

அந்தப் படத்துக்குக் கிடைத்தது 43 லைக். ‘பரவாயில்லை அண்ணா, அடுத்த தடவை கொஞ்சம் கலர் ஏத்தி அனுப்பறேன்’ என்றான். அவன் தோற்றதைவிட இந்தப் பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது. நிழலுக்குள் ஒரு குழந்தையின் காலைப் பார்க்கத் தெரிந்த கண், இனி விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் அரை நொடி நிற்கிற மாதிரி படம் எடுக்கப் பழகப்போகிறது. அதைப் பழக்குவது உங்கள் போட்டி விதிகள்.

கம்ப்யூட்டர் கை வைத்த படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1850-களில் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், அந்தக் காலப் பிரிண்டில் வானம் வெறும் வெள்ளையாக விழுந்ததால் நெகட்டிவில் கையாலேயே மேகம் தீட்டிச் சேர்த்தவர். அதே டிரைப்தான் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். மேகம் கைவேலை. ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் அவர் வெயிலில் நின்றார். நான் கேட்பது அந்த நிற்றலை மட்டும்தான்.

நடுவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பியும் இருக்க முடியாது. 2023-ல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், அது ஏஐ உருவாக்கிய படம் என்று சொல்லித் தானே பரிசை மறுத்தார். அடுத்த வருடம் வேறொரு போட்டியில் ஏஐ பிரிவில் வென்ற ஒரு பூநாரைப் படம், நிஜமான கேமராவில் எடுத்ததாகத் தெரிந்து நீக்கப்பட்டது. இரண்டு பக்கமும் ஏமாந்திருக்கிறார்கள்.

‘எடிட் செய்யாத படம் மட்டும்’ என்று விதி எழுதினாலும் நிற்காது. இன்றைய போனே ஒரு கிளிக்குக்குப் பல படங்களை எடுத்துக் கலந்துதான் ஒன்றாகத் தருகிறது. ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்பைக் கேட்கலாம். ஆனால் போனில் எடுக்கும் பிள்ளைகள் பலரிடம் அது இருக்காது. அதனால் கடைசிச் சுற்றுக்கு வருகிறவரிடம் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஐந்தாறு படங்களைக் கேளுங்கள். காசிமேட்டில் அரை மணி நேரம் நின்றவனிடம் கண் மூடிய பெரியவர், குறுக்கே போன சைக்கிள், ஆடிப்போன படம் எல்லாம் இருக்கும். ஏஐ உருவாக்கும் படங்களும் வேண்டுமென்றால் அவற்றுக்குத் தனிப் பிரிவு வையுங்கள், பெயர் சொல்லி வையுங்கள். அதுவும் ஒரு கலையாக வளரட்டும்.

லைக்கை வைத்துப் பரிசு கொடுப்பதை விட்டுவிடுங்கள். அது அவரவர் சொந்தக்காரர்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான்.

முக்கியமாக, கடைசி 20 படங்களையாவது தாளில் போட்டு ஒரு மேசையில் பரப்பி, நடுவர்களை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாளில் வெளிச்சம் உள்ளிருந்து அடிக்காது. ஏற்றிய கலர் அங்கே எடுபடாது. நிழலுக்குள் ஏதாவது இருந்தால் நின்று பார்க்கிறவருக்குத் தெரிய வரும். மேடைக்கும் பேனருக்கும் ஆகிற செலவில் இது சிறு பங்கு.

கைக்காசு இல்லாத சின்னச் சங்கம், கல்லூரி என்றால் தாள் மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். போட்டுத் தருவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும். அந்த வலை தைக்கும் படம் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. வரும்போது கிட்டே நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணியில் பிரிண்ட் போடும் ஒருவன்