ஷியா வெண்ணெய் மணல் தட்டினால்

தமலே, கானா

அன்புள்ள அம்மிணிக்கு,

"வெண்ணெய் நறநறங்குது" என்று ஒரு வரி அனுப்பினாய். அப்புறம் சத்தமே இல்லை. சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

வெண்ணெய் கெடவில்லை. ஷியா என்பது இங்கத்து மரக்கொட்டையின் கொழுப்புதானே, 32 முதல் 37 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை வெயிலில் பார்சல் வண்டியிலேயே உருகி, ராத்திரி மெதுவாக உறைந்திருக்கும். மெதுவாக உறைந்தால் அதிலுள்ள ஸ்டியரிக் கொழுப்பு முந்திக்கொண்டு தனியாகக் குருணை கட்டும். கொதிநீரில் கிண்ணத்தை வைத்து, ஒரு குருணைகூட மிச்சமில்லாமல் தெளிய உருக்கு. உடனே ஐஸ் தண்ணீரில் வைத்துக் கைவிடாமல் கிளறு. கெட்டித் தயிர் பதம் வந்ததும் டப்பாவில் ஊற்றி ஃப்ரிட்ஜுக்குள் தள்ளு. வெளியே ஆறட்டும் என்று விட்டால் மறுபடி மணல்தான்.

கிரீம் செய்வதானால், நம் ஊர் வெயிலுக்குத் தேன்மெழுகு சேர்க்காமல் ஆகாது. மெழுகு 15 கிராமை முதலில் உருக்கி, நல்லெண்ணெய் 15, ஷியா 70 சேர். தண்ணீர் மட்டும் வேண்டாம். பன்னீர், கற்றாழைச் சாறு எல்லாம் தண்ணீர்தான். விட்டால் பூஞ்சை பிடிக்கும். விட்டே தீருவேன் என்றால் பிரிசர்வேட்டிவ் போடு.

அடுத்த பார்சலை எந்த முகவரிக்குப் போட? பெருந்துறை ரோட்டு வீட்டுக்கா, வேறு இடத்துக்கா? தபாலுக்காகத்தான் கேட்கிறேன்.

நல்ல சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் தெரிந்துகொள். பழம் மே முதல் ஆகஸ்ட் வரை உதிரும். சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சீக்கிரம் வேகவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். குவித்துப் போட்டால் முளைவிட்டு, கொழுப்பு உடைந்து புளிப்பேறும். புகையில் காய்ந்த பருப்பில் புகை நாற்றம் போகவே போகாது. பருப்பை இடித்து, வறுத்து, அரைத்து, விழுதில் தண்ணீர் விட்டுக் கையாலேயே அடிப்பார்கள். பழுப்பு மாறி, கொழுப்பு சாம்பல் வெள்ளையாக நுரைத்து மேலே வரும். தண்ணீர் அதிகம் சூடானாலும் பிரியாது, அதிகம் குளிர்ந்தாலும் பிரியாது. இங்கே பெண்கள் புறங்கையால் தொட்டே சரிபார்க்கிறார்கள். பிறகு அலசி, நீர் வற்றக் காய்ச்சி வடிகட்டுவார்கள். சரியாக வற்றாத வெண்ணெய் சீக்கிரம் சிக்கெடுக்கும். ஒரு கரண்டி எடுத்துச் சூடாக்கு. படபடவென்று வெடித்தால் உள்ளே நீர் இருக்கிறது. மஞ்சள் நிறம்தான் உசத்தி என்று எவனாவது சொன்னால் நம்பாதே, பெரும்பாலும் வேர்ச்சாயம்.

பாட்டியின் இலுப்பெண்ணெய் ஜாடியை மோந்தே பழசு புதுசு சொன்னவள் நீ. அந்த மூக்கு எங்கள் கிடங்கில் யாருக்கும் இல்லை. இலுப்பையும் ஷியாவும் ஒரே குடும்பம்தான், சப்போட்டாவும். ஷியா காய்க்கவே 15, 20 வருஷம் ஆகும், அதனால் நடுகிறவர்கள் குறைவு. காட்டைத் திருத்தும்போது இதை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவார்கள். பொறுக்குவதும் கடைவதும் பெண்கள் பாடு. சமைக்கிறார்கள், குழந்தைக்குத் தேய்க்கிறார்கள், ஹர்மத்தான் என்கிற வறண்ட பாலைக் காற்றில் உதடும் குதிகாலும் வெடித்தால் இதைத்தான் தடவுகிறார்கள். நீ பூசிக்கொள்வதற்கென்றாவது கொஞ்சம் எடுத்து வை, எல்லாவற்றையும் விற்காதே.

அம்மா திண்டல் கோயிலுக்குப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போனாளாம், வீடு பூட்டியிருந்ததாம். மாப்பிள்ளையும் போன் எடுக்கவில்லையாம். நான் எதுவும் கேட்கவில்லை. வேலையை விட்டதையும் கேட்கவில்லை. இத்தனை படித்தவளுக்கு ஒரு வரி எழுதத் தெரியாமலா போயிற்று?

சோப்பு போடுவதாக இருந்தால் 100 கிராம் ஷியாவுக்குக் காஸ்டிக் சோடா 12.8 கிராம், தேங்காயெண்ணெய்க்கு 18.3. ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போடாதே. மொத்தக் காஸ்டிக்கில் 5 சதவீதம் குறைத்துக்கொள், இல்லாவிட்டால் தோல் எரியும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொட்ட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றாதே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள். தனியாக இருக்கும்போது செய்யாதே. வெட்டிய கட்டிகள் நாலு வாரம் காற்றாடட்டும். மறுபடியும் சொல்கிறேன், கிரீமில் தண்ணீர் சேர்க்காதே.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், அந்தக் கணக்கு உன் பேரில் மட்டும்தானே இருக்கிறது? 0.1 கிராம் காட்டுகிற தராசாக வாங்கு. சமையலறைத் தராசு இதற்குப் பத்தாது.

அப்பா