லூக் பொம்மைக்கு விலை வாளில்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய பொம்மைகள் பற்றி வந்த கட்டுரையில், 'ஸ்டார் வார்ஸ்' லூக் ஸ்கைவாக்கர் பொம்மையின் காலில் 1977 என்று பொறித்திருந்தால் அது முதல் வெளியீடு என்று எழுதப்பட்டிருந்தது. இதை நம்பிப் பணம் கொடுப்பவர் ஏமாறுவார். அது காப்புரிமை ஆண்டு மட்டுமே. படம் 1977 மே மாதம் வெளியானது. கென்னர் நிறுவனத்தால் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. எனவே பொம்மைகளைப் பின்னர் பெறுவதற்கான சான்றிதழ் அடங்கிய அட்டை உறையைக் கடைகளில் விற்றார்கள். பொம்மைகள் 1978இல் தபாலில் போய்ச் சேர்ந்தன. பிறகு எண்பதுகளில் அடுத்த படங்களின் அட்டைகளிலும் இதே லூக் விற்றது. அதன் காலிலும் 1977தான் இருக்கும்.

அந்தப் பொறிப்பால் ஒரு பயன் உண்டு. ஆண்டுடன் 'ஜிஎம்எஃப்ஜிஐ' (G.M.F.G.I.) என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கென்னரின் அன்றைய தாய் நிறுவனமான ஜெனரல் மில்ஸின் பொம்மைப் பிரிவைக் குறிப்பவை அவை; பிந்தைய மறுவெளியீடுகளைப் பிரித்தறிய உதவும். ஹாஸ்ப்ரோ 2019இல் பழைய பாணி அட்டையில் லூக்கை மறுபடி வெளியிட்டது. அந்த அட்டையில் தேய்ந்துபோன தோற்றத்தையே அச்சடித்திருப்பார்கள். அட்டை பழசாகத் தெரிவதால் பொம்மையும் பழசாகிவிடாது.

மூன்றே முக்கால் அங்குலப் பொம்மை, கழுத்தும் கைகால்களும் சேர்த்து ஐந்து இடங்களில்தான் அசையும். இதன் விலையைத் தீர்மானிப்பது வலது கைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள் வாள். (படத்தில் லூக்கின் வாள் நீலம்; கென்னர் ஏனோ மஞ்சளாக்கிவிட்டது.) கையின் அடிப்பக்கப் பள்ளத்தில் இருக்கும் சிறு பிடியைத் தள்ளினால் வாள் வெளியே வரும். வழக்கமான வாள் ஒரே துண்டு, நுனி மெலிந்திருக்கும். மிக ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் மட்டும் வாளுக்குள்ளிருந்து இன்னொரு மெல்லிய குச்சி நீளும். சேகரிப்பாளர்கள் அதை 'டபுள் டெலஸ்கோப்' என்பார்கள். லூக், அதே படத்தின் பாத்திரங்களான வேடர், பென் கெனோபி ஆகிய மூவருக்கும் இந்த வகை உண்டு. 2015 டிசம்பரில் நியூயார்க்கில் சதபீஸ் நடத்திய ஏலத்தில் இத்தகைய வாளுடன், அட்டை பிரிக்காத லூக் ஒன்று 25,000 டாலருக்குப் போனது. போலி வாள்கள் சந்தையில் குவிவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

மிகப் பொதுவான ஏமாற்று, அசல் உடலில் போலி வாளைச் செருகி விற்பது. உடலைச் சோதித்தவர் திருப்தியாகிவிடுவார், வாளைப் பார்க்க மாட்டார். வாளை முழுதாக நீட்டி, நுனி முறிந்திருக்கிறதா, வெட்டித் தேய்த்துக் கூராக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அசல் வாளின் படத்தோடு நிறத்தையும் ஒளி ஊடுருவும் தன்மையையும் ஒப்பிடுங்கள். அசல் ஆயுதம் தண்ணீரில் மிதக்கும், போலி மூழ்கும் என்ற பழைய சோதனையை இன்று முழுதாக நம்ப முடியாது. மிதக்கும் போலிகளும் வந்துவிட்டன. செய்து பார்ப்பதென்றால் வாளை மட்டும் கழற்றி, ஒரு சொட்டு சோப்பு கலந்த நீரில் அழுத்திவிட்டு விடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழே போலியையும் மிதக்க வைக்கும் என்பதால்தான் சோப்பு. மூழ்கினால் சந்தேகப்படலாம், மிதந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை. 'டபுள் டெலஸ்கோப்' வாள் என்று சொல்லி விற்றால், அனுபவமுள்ள ஒருவர் நேரில் கையிலெடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கவே வேண்டாம்.

அடுத்து உடல். முதலில் தேய்வது தலைமுடிச் சாயம். மறுபடி சாயம் பூசியிருந்தால் புற ஊதா விளக்கில் அந்த இடம் பெரும்பாலும் தனித்துத் தெரியும். தலையை மெல்லத் திருப்பிக் கழுத்தடியைப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த இடத்தின் நிறத்தோடு மார்பை ஒப்பிட்டால் எவ்வளவு மஞ்சளித்திருக்கிறது என்று தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுத்த பொம்மை அப்போதைக்குப் பளிச்சென்றிருக்கும், ஆனால் மஞ்சள் திரும்ப வரும். சமதரையில் நிறுத்துங்கள்; சரிந்தால் இடுப்பு மூட்டு தளர்ந்துவிட்டது.

அட்டையோடு வந்தால், முதல் வெளியீடு என்பதற்கு அட்டையின் பின்புறத்தில் 12 பொம்மைகளின் படங்கள் மட்டும் இருக்க வேண்டும். 20 அல்லது 21 இருந்தால் பிந்தையது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அச்சு ஒழுங்கான வண்ணப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். சிதறிய மைத்துளிகள் என்றால் கணினி அச்சு. பிளாஸ்டிக் மூடியின் ஓரத்தில் காகித நார் கிளம்பியிருந்தாலோ பசை இரட்டை வரியாகத் தெரிந்தாலோ பிரித்து ஒட்டியது என்று அறியலாம். ஏஎஃப்ஏ (பொம்மைகளை ஆராய்ந்து மதிப்பெண் தரும் நிறுவனம்) தரச்சான்று இருந்தால் மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல் அட்டை, மூடி, பொம்மை மூன்றுக்கும் தனித்தனியே தரப்பட்டிருக்கும் எண்களையும் படியுங்கள். அட்டைக்குக் கிடைத்த எண் பொம்மையின் குறையை மறைத்துவிடும்.

இணையத்தில் வாங்குவோர் பிளாஷ் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கேட்க வேண்டும்: முன், பின், கால் பொறிப்பு, கையின் அடிப்பக்கம், வாள் உள்ளே இருக்கும்போது, வெளியே நீட்டியபோது. கடைசிப் படத்தை அனுப்ப மறுப்பவரிடம் வாள் இல்லாத பொம்மைக்கான விலையைத்தான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சேகரிப்பாளர்,
கோயம்புத்தூர்.