வசந்தா, முதலில் உன் காலைப் பார்

அன்புள்ள வசந்தா,

படபடப்புக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தெருமுனைக் கடைக்குப் போகவே பயமாக இருக்கிறது, பஸ் படியில் கால் வைக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ராத்திரி முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை, மகனைக் கேட்டால் "வயசானா எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்கிறான். சரி. அதே கடிதத்தில் கொஞ்சம் தள்ளி, வளையல் தானாகக் கழன்று விழுகிறது, தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த இரண்டாவது சங்கதிதான் உறுத்துகிறது. இதையும் அதையும் சேர்த்து உன் டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய், உன்னைத் தெரியாதா எனக்கு.

எங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் ஞாபகம் இருக்கிறதா, கல்மண்டபம் பக்கம் இரண்டாவது மாடியில் இருக்கிறாரே, ஹார்பரில் மூட்டை தூக்கினவர், நம் கல்யாண காலத்தில் ஒரு கையால் கேஸ் சிலிண்டரைத் தூக்கித் தோளில் போட்டவர். போன மழைக்காலத்தில் நிமோனியா வந்து படுத்துவிட்டார். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் ஆள் கீழே இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். படி முனையில் நின்றால் வேர்த்துக் கொட்டுகிறது, கைப்பிடியை விட மாட்டார், யாராவது வேகமாகக் கடந்து போனால் கத்துகிறார். காத்து கருப்பு என்றார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், அப்புறம் ஒரு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். பக்கத்து வீட்டில் முட்டி ஆபரேஷன் ஆன அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபிப் பெண்தான் ஒரு நாள் இவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னாள். இரண்டு தடவை எழுந்தார், மூன்றாவது தடவை பாதியில் நின்று தொடை நடுங்கித் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். கால் தன்னைத் தாங்காது என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, அதைத்தான் நாங்கள் பேய், கோழைத்தனம் என்று என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகுதான் இதைத் தேடித் தேடிப் படித்தேன். வயதாக ஆகத் தசை கரைவதை டாக்டர்கள் சார்கோபீனியா என்கிறார்கள். முப்பதைத் தாண்டினாலே பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை போகுமாம், அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் போகிற மாதிரி, போவதே தெரியாது. தசையின் அளவு குறைவதைவிட வலு குறைவது இன்னும் வேகம். அதிலும் சட்டென்று இயங்கும் நார்கள்தான் முதலில் மெலிகின்றன, கால் வழுக்கும்போது நம்மைப் பிடித்து நிறுத்துவதே அவைதான். நமக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது இன்னும் கூடும், சர்க்கரை இருந்தால் அதற்கும் மேல். எடை குறையாததால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துவிடாதே, தசை போன இடத்தில் கொழுப்பு ஏறினால் தராசு அதே எண்ணைத்தான் காட்டும். படுத்துக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். 2007-ல் வந்த ஓர் ஆய்வில் நோய் நொடியில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிருந்தது. எங்கள் அண்ணனுக்கு நடந்ததும் அதுதான்.

இதற்கும் படபடப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். பல நாடுகளில் கணக்கெடுத்துப் பார்த்ததில், கையால் இறுக்கிப் பிடிக்கும் வலு குறைந்தவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாக இருக்கின்றன. அதனால் இதுதான் அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, இரண்டு பக்கமும் ஓடுகிற வண்டி இது. கால் வலு போனால் விழுவோமோ என்ற பயம், பயத்தால் வெளியே போவதில்லை, போகாததால் இன்னும் வலு போகிறது. பதற்றத்தில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடும் இறங்காது, தூக்கமும் கெடும், மன அழுத்தத்தில் சுரக்கிற கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் கூடிக்கொண்டே இருந்தால் அதுவும் தசையைத் தின்னும். எனக்குப் பட்டது இன்னொன்று. வலு குறைந்த காலுக்கு அதே பத்துப் படி பெரிய வேலையாகிவிடுகிறது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடிக்கிறது, நம் மனசு அதைப் பார்த்து ஏதோ ஆகப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறது. நீ பஸ் படியைப் பற்றி எழுதினாயே, அது இதுவாகவே இருக்கலாம்.

ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2014-ல் எலிகளை வைத்து ஒன்று கண்டுபிடித்தார்கள். மன அழுத்தத்தின்போது உடம்பில் கைனுரெனின் என்று ஒரு பொருள் கூடுகிறது, அது மூளைக்குள் போனால் கெடுதல். பயிற்சி பெற்ற தசை அதை மூளைக்குள் நுழைய முடியாத வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. அவர்கள் பார்த்தது மனச்சோர்வு மாதிரியான அறிகுறிகளைத்தான், அதுவும் எலியில், அதை அப்படியே நமக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது. ஆனால் தசை என்றால் தூக்கவும் நடக்கவும் மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு இது புதுசு.

இப்போது நீ செய்ய வேண்டியது. கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடு, மருமகளைப் பக்கத்தில் நிற்கச் சொல், கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார், அவள் போனில் நேரம் பார்க்கட்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான். இது 2019-ல் ஆசிய நாடுகளுக்கென்று வகுத்த அளவு. தையல் டேப் இருக்குமே, கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றிப் பார், பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே என்றால் அதுவும் ஓர் எச்சரிக்கை.

டாக்டரிடம் போகும்போது தைராய்டு பார்க்கச் சொல்லி நீயே கேள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடை குறைவு, தொடை வலு போவது எல்லாம் சேர்ந்தே வரும், நம் வயதில் அது அப்பட்டமாகத் தெரியாமலும் இருக்கும். வளையல் கழலுகிறது என்றாயே, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கூடவே சர்க்கரை, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் எல்லாம் பார்க்கச் சொல். படபடப்பு மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் இன்னும் மோசமாகும். ஆனால் அது எந்த வகை, தள்ளாட்டம் கொடுக்குமா என்று கேட்டுவிடு. ராத்திரி பாத்ரூம் போகிறபோது விழுகிறவர்கள் பலர் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள்தான்.

சாப்பாட்டில் உன் மேல் எனக்குக் கோபமே உண்டு. காலையில் டீ, பட்டர் பிஸ்கட், மத்தியானம் ரசம் சோறு, ராத்திரி இரண்டு இட்லி, இதில் புரதம் எங்கே இருக்கிறது? நம் வயதில் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், உனக்கு ஐம்பத்தைந்து கிலோ என்றால் ஒரு நாளைக்கு 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், நூறு கிராம் மீனில் 20 கிராம் பக்கம். காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு தின்று வளர்ந்தவள் திருச்சிக்குப் போய்ச் சைவமாகிவிட்டாய், சரி, சுண்டல், பயறு, தயிர், பனீர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடு. கிரியாட்டினின் அதிகம் என்றால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதே.

நடக்கிறேனே என்பாய். ராபின்சன் பார்க்கில் நானும் வருஷக்கணக்கில் சுற்றுகிறேன், நடை நல்லதுதான், ஆனால் தசைக்கு அது போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது சுமை வைத்துச் செய்ய வேண்டும், மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி, உலக சுகாதார அமைப்பும் இதைத்தான் சொல்கிறது. ஜிம் எல்லாம் வேண்டாம். அதே நாற்காலியில் எழுந்து உட்காருவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரைக் கையால் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. எளிதாகிவிட்டால் எண்ணிக்கையையோ சுமையையோ கூட்டணும், இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. வயசாகிவிட்டது என்று ஆரம்பிக்காதே. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதையொட்டியவர்களுக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள், வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நமக்கு அதில் பாதி வந்தால்கூடப் போதும். இப்படிப்பட்ட பயிற்சியால் பதற்றமும் குறைகிறது என்று 2017-ல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், பெரிய மாயம் இல்லை, ஆனால் குறைகிறது.

எங்கள் அண்ணன் இப்போது கீழே வந்து டீக்கடை பெஞ்சில் உட்காருகிறார். பழையபடி சண்டையும் போடுகிறார், அண்ணிக்கு அதுதான் நிம்மதி. மழை பெய்தால் மட்டும் இன்னும் இறங்க மாட்டார். ஈரப்படியைக் கண்டு பயப்படுவது புத்திசாலித்தனம் என்றுதான் நான் சொல்வேன்.

அங்கே சரிப்படவில்லை என்றால் இங்கே வா. கிண்டியில் 2024-ல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்திருக்கிறார்கள், வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேரே கிண்டி, வண்டி மாற வேண்டியதில்லை, லிஃப்ட் எல்லாம் இருக்கிறது. நானே கூட்டிப்போகிறேன், வீட்டில் கீழ்த்தளம்தான், படிப் பிரச்சினையே இல்லை. அந்த நாற்காலிக் கணக்கு எத்தனை விநாடி வந்தது, தைராய்டு ரிப்போர்ட் என்ன சொன்னது, இரண்டையும் எழுது. மாத்திரை அட்டையின் பெயரையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

உன்
சரோஜா
பழைய வண்ணாரப்பேட்டை